குவாண்டம் கிணற்றின் கரடுமுரடை அறிய: ஒளிர்வு அளவீடா, எலக்ட்ரான் நுண்ணோக்கியா?

காலியம் ஆர்சனைடு குவாண்டம் கிணற்றை, அதாவது வேறு பொருளின் இரு அடுக்குகளுக்கிடையே எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்தும் சில நானோமீட்டர் அடுக்கை, வளர்த்தாயிற்று. அந்த அடுக்குகள் சந்திக்கும் இடைமுகம் எவ்வளவு சீராக வந்திருக்கிறது?

மாதிரி: லேசர் பட்டதும் கிணறு உமிழும் ஒளியை அளக்கும் ஒளிர்வு அளவீட்டில் சேதமில்லை, அதே துண்டிலேயே அடுத்த சோதனையும் செய்யலாம். ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கோ குறுக்கே வெட்டி 100 நானோமீட்டருக்கும் கீழே தேய்க்க வேண்டும்.

நேரம்: முன்னதற்கு ஒரு பகல், பின்னதற்குப் பல நாள்.

என்ன தெரியும்: இதுதான் முக்கியம். ஓர் அணு அடுக்கு 0.28 நானோமீட்டர். 5 நானோமீட்டர் கிணற்றில் அகலம் அவ்வளவு மாறினாலே ஒளிர்வு நிறமாலையின் உச்சி சுமார் 10 மில்லி எலக்ட்ரான்வோல்ட் நகரும். இடைமுகத் தீவுகள் (ஓர் அணு அடுக்கு உயர்ந்து நிற்கும் திட்டுகள்) எக்சிட்டானைவிட (எலக்ட்ரானும் துளையும் பிணைந்த, ஒளியை உமிழும் இணை) பெரியவையானால் தனித்தனி உச்சிகள். ஏறக்குறைய அதே அளவானால் அகன்ற ஒரே உச்சி. நுண்ணோக்கி அணு வரிசைகளையே காட்டும். ஆனால் துண்டின் தடிமன் முழுவதும் ஒரே படத்தில் சேர்ந்து விழுவதால், 20 நானோமீட்டர் தீவுகள் மங்கி, இடைமுகம் கலந்துபோனதுபோல் தெரியும்.

எங்கே தவறும்: ஒளிர்வை அறை வெப்பநிலையில் எடுக்காதீர்கள், வெப்பத்தால் உச்சி அகலுவதே எல்லாவற்றையும் மூடிவிடும். 10 கெல்வினுக்குக் குளிர்வியுங்கள். அங்கும் எக்சிட்டான்கள் கிணறு அகலமான பகுதிகளுக்கு ஓடிவிடுவதால், தாழ் ஆற்றல் உச்சியின் உயரத்தை வைத்து அப்பகுதிகளின் பரப்பளவைக் கணக்கிடக் கூடாது. லேசர் திறனைக் குறைத்து மறுபடி எடுங்கள். உச்சியின் அகலம் சுருங்கினால், முதலில் பார்த்தது முழுவதும் கரடுமுரடு அல்ல.

வளர்ப்பு இடைநிறுத்தத்தை (இடைமுகம் சமன்பட வளர்ப்பை நிறுத்திவைக்கும் நேரம்) 30 விநாடியா, 120 விநாடியா எனச் சரிசெய்துகொண்டிருந்தால் ஒளிர்வே போதும். கிணற்றை அடுத்துள்ள உலோகக்கலவை எத்தனை அணு அடுக்கு கலந்திருக்கிறது, எந்தப் பக்க இடைமுகம் மோசம் என்ற கேள்விகளுக்கு நுண்ணோக்கிதான்.