மடக்கு அயர்ன் சைட்டுகளை எவ்வளவு நம்பலாம்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ரெட் டாட் (ஒளிரும் புள்ளியைக் காட்டும் குறிபார்ப்புக் கருவி) அல்லது ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய ரைஃபிளில் மாற்று ஏற்பாடாக மடக்கு அயர்ன் சைட்டுகளை, அதாவது தேவைப்படும்போது நிமிர்த்திக்கொள்ளும் லென்ஸ் இல்லாத முன், பின் குறிகளை, வைத்துக்கொள்ள விரும்புபவர்கள், அவை எளிதில் உடைந்துவிடுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஏஆர்-15 வகை ரைஃபிள்களில் பிளாஸ்டிக், அலுமினியம், எஃகு ஆகிய மூன்று வகைகளையும் பல ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவத்தில், உடைவதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. மடக்கி நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் சைட் அதே இடத்தில் வந்து நிற்கிறதா என்பதைக் கொண்டே அதன் நம்பகத்தன்மையை மதிப்பிடுகிறேன்.

இதற்கு ஒரு சிறு கணக்கு போதும். ஏஆர்-15 குடும்பத்தின் குட்டையான இராணுவ ரைஃபிளான எம்4 கார்பைனில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 37 செ.மீ. தூரம் உள்ளது. அவற்றில் ஒன்று பக்கவாட்டில் 0.1 மி.மீ. நகர்ந்தாலே 100 மீட்டரில் குண்டு படும் இடம் சுமார் 2.7 செ.மீ. விலகும், 300 மீட்டரில் அது 8 செ.மீ. ஆகிவிடும். ஆகவே புதிய சைட்டை வாங்கியதும் ரெயிலில் (துப்பாக்கியின் மேல் துணைக்கருவிகளைப் பொருத்தும் பட்டையில்) பொருத்தி, நிமிர்த்தி, எழுந்து நிற்கும் தகட்டின் நுனியை விரலால் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பார்ப்பேன். முன்பின்னாகச் சிறிது ஆடினால் அவ்வளவு கவலை இல்லை. நேராக நிற்கும் தகடு இரண்டு பாகை சாய்ந்தாலும் அதன் உயரம் மிகச் சொற்பமாகவே குறையும். பக்கவாட்டு ஆட்டம் அப்படியல்ல, அது நேரடியாக இலக்கில் தெரியும். நான் பயன்படுத்திய ஒரு மலிவான அலுமினிய சைட்டில் கீல் ஊசியின் துளை நாளடைவில் தேய்ந்து இந்த ஆட்டம் கூடியது. எஃகு சைட்டுகளில் அப்படி நேரவில்லை.

முன் சைட் எதன் மீது அமர்ந்திருக்கிறது என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பேரலைத் (துப்பாக்கிக் குழலைத்) தொடாத ஹேண்ட்கார்டின் (குழலைச் சுற்றியுள்ள கைப்பிடி உறையின்) நுனியில் அதைப் பொருத்தும்போது, குண்டு பேரலின் திசையில் செல்ல, நம் பார்வையோ ஹேண்ட்கார்டை நம்பி நிற்கிறது. பைபாடை (இருகால் தாங்கியை) அழுத்தினாலோ, தோள்வாரை இறுக்கி இழுத்தாலோ மெல்லிய ஹேண்ட்கார்ட் சற்று வளையும்; அதன் திருகுகள் தளர்ந்தால் முழுவதுமாகச் சுழலவும் கூடும். மேசையில் தாங்கி ஜீரோ செய்தபின் (குறிக்கும் இடத்திலேயே குண்டு படும்படி சைட்டைச் சரிசெய்தபின்), வாரை இறுக்கிப் பிடித்து ஒரு முறை சுட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது மிகவும் அவசியம் என்று கருதுகிறேன். முன் சைட்டைப் பேரலோடு பிணைந்த கேஸ் பிளாக்கில் (பேரலிலிருந்து வெடிவாயுவைப் பிரித்தெடுக்கும் பாகத்தில்) பொருத்தினால் இந்தச் சிக்கல் தீரும், ஆனால் அங்கே சூடு மிக அதிகம் என்பதால் உலோக சைட்டுகளே பொருந்தும். துப்பாக்கித் துணைக்கருவிகள் தயாரிக்கும் மேக்புல் நிறுவனமும் தன் பிளாஸ்டிக் முன் சைட்டை கேஸ் பிளாக்கில் பொருத்த வேண்டாம் என்றே சொல்கிறது.

பொத்தானை அழுத்தியதும் ஸ்பிரிங் விசையில் எழும் சைட்டுகளைப் பற்றி ஓர் ஐயம் அடிக்கடி எழுகிறது: ஆண்டுக்கணக்கில் மடங்கியே இருந்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிடாதா? தரமான ஸ்பிரிங்கைப் பெரிதும் களைப்படையச் செய்வது திரும்பத் திரும்ப இயங்குவதும் துருவும்தான். அழுந்திய நிலையில் சும்மா இருப்பதால் அது எளிதில் வலுவிழக்காது. மணலையே நான் அதிகம் அஞ்சுகிறேன். கீலில் கெட்டியான எண்ணெய் விட்டால் மணல் அதில் ஒட்டிக்கொண்டு, சைட் முக்கால்வாசி எழுந்து நின்றுவிடுகிறது. அவசரத்தில் அது முழுதாக நிமிர்ந்ததுபோலவே தோன்றும். அதனால் கீலைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு மட்டுமே விடுகிறேன். நிமிர்ந்ததும் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருந்தால், சரியாக எழுந்ததா என்பது கைக்கே தெரிந்துவிடும். முன் குறிமுள்ளின் உயரத்தைத் திருகி மாற்றும்போது அதைப் பிடித்து நிறுத்தும் சிறு ஊசிக்கும் எண்ணெய் தேவை. அது துருப்பிடித்து இறுகிவிட்டால் உயரத்தைத் திருத்தவே முடியாது.

இப்போது என் ரைஃபிளில் முன்னால் எஃகு சைட்டும், அதிகச் சூடு படாத ரிசீவரின் (துப்பாக்கியின் நடு உடற்பகுதியின்) மேல் பிளாஸ்டிக் பின் சைட்டும் இருக்கின்றன. எடையையும் உறுதியையும் சேர்த்துப் பார்க்கையில் இந்தச் சேர்க்கை எனக்கு நிறைவளிக்கிறது. ரெட் டாட்டுடன் இது சிக்கலின்றி இயங்குகிறது. ஸ்கோப் பொருத்துபவர்கள் மட்டும் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்: ஸ்கோப்பின் பின்பகுதி பெரும்பாலும் மடங்கிய சைட்டின் மேலேயே நீண்டு நிற்பதால், ஸ்கோப்பைக் கழற்றாமல் அதை நிமிர்த்த இயலாது. ஸ்கோப்பைக் கையாலேயே விடுவிக்கக்கூடிய மவுண்ட் (தாங்கி) இல்லாத ரைஃபிளில் அந்தப் பின் சைட், தேவைப்படும் நேரத்தில் எழும்ப வழியின்றி அடியிலேயே கிடக்கும்.