பெட்டியில் ‘டவர்’ என்று போட்டிருந்தால்

கடைகளில் ‘டவர்’ என்ற பெயரில் இரண்டு சாமான்கள் விற்கின்றன: டவர் ஃபேன், டவர் கூலர். இரண்டும் ஒல்லியாக, நெட்டையாக, ஓரடிச் சொச்ச இடத்துக்குள் நிற்கும். அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம். நிற்கிற விதத்தைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு குளிரும் என்பதை அல்ல.

டவர் ஃபேனில் தண்ணீரே கிடையாது. றெக்கைக்குப் பதிலாக நீளமான உருளை ஒன்று உள்ளே சுழலும். காற்று நெட்டுக்குத்தான ஒரு பட்டையாக முன்னால் வரும். கட்டிலோரம் ஒருவருக்குப் போதும். கூடத்துக்கு சீலிங் ஃபேனே மேல். உருளையில் படியும் தூசியைத் துடைக்கப் பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றியாக வேண்டும், அதற்குச் சோம்பினால் காற்று குறைந்துகொண்டே போகும்.

டவர் கூலர் வேறு ரகம். அடியில் தொட்டி (12 லிட்டரிலிருந்து 50 லிட்டர் வரை), பின்னால் தேன்கூடு பேட் (தொட்டித் தண்ணீரை பம்ப் ஏற்றி நனைக்கும் கண்கண்ணான அட்டை), மேலே புளோயர் (காற்றை இழுத்துத் தள்ளும் விசிறி). பேடில் தண்ணீர் ஆவியாவதால்தான் காற்று குளிரும். எவ்வளவு குளிரும் என்பது ஊரைப் பொறுத்தது. வேலூரில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் 27, 28 டிகிரிக் காற்று கிடைக்கும். சென்னையில் 35 டிகிரி, ஈரப்பதம் 70 என்றால் தண்ணீர் ஆவியாகவே இடமில்லை. நான்கு டிகிரி இறங்கினாலே பெரிது. கூடவே உடம்பு பிசுபிசுக்கும். கடலோர ஊர்க்காரர்கள் இதற்குக் காசு போட வேண்டாம்.

கூலரின் முதுகு திறந்த ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் இன்னொரு கதவு திறந்திருக்க வேண்டும். பூட்டிய அறையில் அரை மணியில் புழுக்கம்தான். முதலில் பம்ப்பை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டு பேடை நனையுங்கள். நிறுத்தும்போது தலைகீழாக: பம்ப்பை அணைத்து, வெறுங்காற்றில் பேடைக் காயவிடுங்கள். மீன்வாடை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை ஈரத்தோடு மூடிவைத்த பேடால் வருபவை.

போர் தண்ணீர் ஊற்றினால் பேடின் கண்களில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி ஊறவைத்து, மெல்லிய தாரையில் அலசுங்கள். பிரஷ் போட்டால் பேட் கிழியும். தொட்டியை வாரம் ஒருமுறையாவது ஒட்டக் காலி செய்யாவிட்டால் கொசுப்புழு.

தொட்டி நிறைந்திருக்கும்வரை ஆடாது. காலியானால் எடையெல்லாம் மேலே போய்விடும், குழந்தை பிடித்து இழுத்தால் சாயும். கடையிலேயே வெறும் தொட்டியோடு தோள்பக்கம் லேசாகத் தள்ளிப் பாருங்கள்.