கம்பி போட்ட பல்லில் வேர் கரைகிறதா: ஓபிஜியா, ஆர்விஜியா?

கம்பி போட்டுப் பல்லை நகர்த்தும்போது வேர் நுனி சற்றுக் கரைவது சகஜம். பெரும்பாலும் 2 மி.மீ.க்குள் நின்றுவிடும். அதிகம் கரைவது மேல் வெட்டுப்பற்கள் நான்கில்தான். அவற்றின் வேர் நுனி இங்க் ஃபில்லர் மூக்குபோல் சட்டென்று ஒல்லியாகியிருந்தாலோ, கொக்கியாக வளைந்திருந்தாலோ முதல் நாளே குறித்துவைக்க வேண்டும். அதன்பின் எந்தப் படத்தை நம்பிக் கண்காணிப்பது: தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயையா, வாய்க்குள் சிறு சென்சார் வைத்து ஓரிரு பற்களை மட்டும் எடுக்கும் ஆர்விஜி எக்ஸ்ரேயையா?

எல்லாப் பற்களும் தாடையும் புதைந்த பல்லும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் ஓபிஜிதான். அது இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. ஆனால் முன்பல் வேரை அளக்க அது உதவாது. ஓபிஜி தெளிவாகப் பிடிப்பது வளைந்த ஒரு பட்டையை மட்டும். முன்பல் பக்கம் அந்தப் பட்டை குறுகலானது. தூக்கலான பல்லில் வெட்டு முனை அதற்குள் இருந்தால் வேர் நுனி வெளியே போய், மங்கி, குட்டையாகத் தெரியும். கழுத்துப் பகுதி முதுகெலும்பின் நிழலும் அங்கேதான் விழும். பல்லை உள்ளே இழுத்துச் சாய்வு மாறியபின் எடுக்கும் இரண்டாவது ஓபிஜியில், கரையாத வேரும் வேறு நீளம் காட்டும். தூக்கலைச் சரிசெய்யத்தானே பலரும் கம்பி போட வருகிறார்கள்!

அதனால் என் ஓட்டு ஆர்விஜிக்கு, ஆனால் சென்சாரைக் கோணம் மாறாமல் பிடிக்கும் ஹோல்டர் வைத்து எடுத்ததற்கு மட்டும். நோயாளியே விரலால் சென்சாரைப் பிடித்தால் கோணம் ஒவ்வொரு முறையும் மாறும். அப்புறம் ஓபிஜியைக் குறை சொல்ல நமக்கு வாய் இருக்காது. ஹோல்டர் இருந்தும் சிறு வித்தியாசம் வரும். அதைக் கழிக்க ஒரு வழி உண்டு: வெட்டு முனையிலிருந்து எனாமல் முடியும் கோடு வரையுள்ள நீளம் சிகிச்சையில் மாறாது. முதல் படத்தில் அது 10 மி.மீ., வேர் 14. ஆறு மாதம் கழித்து 9.5, வேர் 12.6. பார்வைக்கு 1.4 மி.மீ. போயிருக்கிறது. 12.6-ஐ 10/9.5-ஆல் பெருக்கினால் 13.3, உண்மையில் கரைந்தது சுமார் 0.7தான். இடையில் வெட்டு முனையை ராவியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

தொடக்கத்தில் ஒன்று, 6 முதல் 9 மாதத்துக்குள் ஒன்று போதும். ஃபில்லர் மூக்கு வேருக்கு 6 மாதத்தைத் தள்ளிப்போட வேண்டாம். 2 மி.மீ.க்கு மேல் போயிருந்தால் விசை தராத கம்பியைக் கட்டி 2, 3 மாதம் ஓய்வு கொடுக்கலாம். விசை நின்றால் கரைதலும் அநேகமாக நிற்கும். ஆனால் குறைந்த நீளம் திரும்பாது.

சிபிசிடியை (முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) வழக்கமான கண்காணிப்புக்கு நான் சொல்லமாட்டேன். கதிர்வீச்சு கூடுதல், பல்லில் ஒட்டிய உலோக பிராக்கெட்டால் விழும் கீற்றுகளும் படத்தில் குறுக்கிடும். புதைந்த கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரை அண்ணப் பக்கமாக அரிக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் மட்டும், அந்த இடத்துக்குச் சிறிய அளவில் எடுத்தால் போதும். அந்த அரிப்பு ஆர்விஜியில் மறைந்துவிடக்கூடும்.