லங்காவியில் ஏழு இரவு வாடகைப் பாய்ப்படகு: கோல கெட்டிலில் இருந்து கிளம்பும் குடும்பங்களுக்கு

எடுத்தது லங்காவித் தீவின் குவா நகரில் இருந்து புறப்படும் 40 அடி கேட்டமரான். நான்கு அறை, இரண்டு டாய்லெட், கப்டனோடு ஏழு இரவு வாடகை. போனது கோல கெட்டில் குடும்பங்கள் இரண்டு, பிள்ளைகளோடு எட்டுப் பேர். கம்பெனி பெயர் வேண்டாம். இங்கே சொல்லும் குறைகள் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் பார்த்துக்கொள்ள வேண்டியவைதான். படகுக்கு ஐந்துக்கு நான்கு, கப்டனுக்கு முழு ஐந்து, படகை ஒப்படைத்த விதத்துக்கு வெறும் இரண்டு.

கேட்டமரான் என்ற சொல்லே நம் கட்டுமரத்தில் இருந்து போனது. அதற்காக அதை எடுக்கச் சொல்லவில்லை. இரண்டு உடல் உள்ள படகு அவ்வளவாகச் சாயாது, பாட்டியும் சின்னப் பிள்ளைகளும் வரும் பயணத்துக்கு இது பெரிய விஷயம். மிதக்க 1.2 மீட்டர் ஆழம் போதும். அதே நீளத்து ஒற்றை உடல் படகுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வேண்டும். லங்காவியின் கரையோரம் பல இடங்களில் அந்த ஆழம் கிடைக்காது.

வாடகை தலைக்கு இவ்வளவு என்றில்லை, படகுக்கு இவ்வளவு. அதனால் எட்டுப் பேர் சேர்ந்தால் கை கடிக்காது. ஆனால் கையெழுத்துப் போடுமுன் எது உள்ளே, எது வெளியே என்று எழுத்தில் வாங்குங்கள்: டீசல், கப்டனின் சம்பளமும் சாப்பாடும், மரினா கட்டணம், சின்னப் படகின் பெட்ரோல், துப்புரவுக் கட்டணம், டெபாசிட். இன்னொரு கேள்வி பலருக்குத் தோன்றுவதே இல்லை: கப்டன் எங்கே படுப்பார்? நான்கு அறையும் நமக்கு என்றால் அவருக்கு நடுக்கூடத்துச் சோபாதான், அப்புறம் இரவு பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் அங்கே உட்கார முடியாது. முன்பக்கம் தனிப் படுக்கை உள்ள படகாகக் கேளுங்கள்.

போகும் காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவக்காற்று, மழை குறைவு, கடல் அடங்கி இருக்கும். சீனப் புத்தாண்டு வாரம் தோட்டத்திலும் ஃபேக்டரியிலும் வேலை செய்பவர்களுக்கு வசதி, பொது விடுமுறை இரண்டு நாள் கூடவே வந்துவிடும். எல்லோரும் அதையே நினைப்பதால் பல மாதம் முன்பே பதிய வேண்டும். தீபாவளி லீவில் வேண்டாம், அப்போது மழை அதிகம். மே முதல் அக்டோபர் வரை மலாக்கா நீரிணையில் விடியற்காலைக்கு முன் திடீர் புயற்காற்று அடிக்கும், அதைச் ‘சுமத்ரா’ என்பார்கள். காற்று ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். ஆனால் நங்கூரம் சரியாகப் பிடிக்காத படகைக் கரையில் ஏற்ற அது போதும்.

ஒப்படைப்புக்குக் கம்பெனி கொடுத்த நேரம் அரை மணி. இரண்டு மணி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு மூன்று லைஃப் ஜாக்கெட் கேட்டால் இரண்டுதான் வைத்திருந்தார்கள், மூன்றாவது பெரியவர் அளவு. பெரியவர் ஜாக்கெட் தண்ணீரில் பிள்ளையின் தலைக்கு மேல் கழன்றுவிடும். எடையைச் சொல்லிக் கேளுங்கள், படகிலேயே போட்டுப் பார்த்து, தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேல் ஏறினால் வேறு வாங்குங்கள்.

அடுத்தது எஞ்சின். ஸ்டார்ட் செய்ததும் ஓடிப்போய்ப் பின்பக்கப் புகைக்குழாயைப் பாருங்கள். புகையோடு கடல் நீரும் குபுக் குபுக்கென்று துப்ப வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் அது. வெறும் புகையோ வெள்ளை ஆவியோ வந்தால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் காரணம் பிளாஸ்டிக் பை: அடியில் உள்ள நீர்வாயை ஒட்டிக்கொள்ளும், அல்லது கிழிந்து வடிகட்டியில் சிக்கும். வால்வை மூடி, வடிகட்டி மூடியைத் திருகி, கூடையை எடுத்துக் கழுவி, மூடி, வால்வைத் திறந்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிட வேலை. வால்வைத் திறக்க மறந்தால் பம்ப்பில் உள்ள ரப்பர் சக்கரம் காய்ந்து பிய்ந்துவிடும். மாற்றுச் சக்கரம் படகில் இருக்கிறதா என்று கேட்டபோது கம்பெனி ஆளுக்குத் தெரியவில்லை, கப்டன்தான் தேடி எடுத்தார். டாய்லெட்டும் அப்படித்தான். வயிற்றுக்குள் போய் வந்தது தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. டிஷ்யூவைக் குப்பைக் கூடையில் போட முதல் நாளே பிள்ளைகளைப் பழக்குங்கள், அடைத்துக்கொண்டால் குழாயைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஒரு வாரத்தில் அதிகக் கவனம் கேட்பது நங்கூரம். கப்டன் இருந்தாலும் கணக்கு நமக்குத் தெரிந்திருப்பது நல்லது. வற்று நேரத்தில் ஆழமானி 4 மீட்டர் காட்டுகிறது என்று வையுங்கள். லங்காவியில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர் ஏறக்குறைய 3 மீட்டர் ஏறும், மற்ற நாளில் குறைவு. அன்று 2.5 என்றால் ஏற்றத்தில் ஆழம் 6.5. படகின் மூக்கு தண்ணீருக்கு மேல் 1.5 மீட்டர். கூட்டினால் 8. அதை ஐந்தால் பெருக்கி 40 மீட்டர் சங்கிலி விட வேண்டும். கண்ணில் தெரிந்த 4 மீட்டரை மட்டும் பெருக்கி 20 மீட்டர் விட்டவர்களுக்கு நடுராத்திரி நீர் ஏறியதும் நங்கூரம் கிளம்பிவிடும், ஏனென்றால் அப்போது சங்கிலி அந்த 8 மீட்டரைப் போல இரண்டரை மடங்குதான். ஆழமானி நீர்மட்டத்தில் இருந்து அளக்கிறதா, படகின் அடியில் இருந்தா என்பதையும் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே ஒரு மீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

சங்கிலியை விட்ட பிறகு எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக முறுக்கி, கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டும் விலகாமல் நின்றால் பிடித்துவிட்டது. எங்கள் கப்டன் ஒவ்வொரு மாலையும் இதைப் பிள்ளைகளைக் கொண்டே பார்க்கவைத்தார், அதற்கே அவருக்கு ஐந்து மதிப்பெண் தகும். லங்காவியின் அடிமண் பல இடங்களில் சேறு, நன்றாகப் பிடிக்கும். ஏற்ற இறக்க அட்டவணையைத் தேசிய நீர்வரைவியல் மையமும், கடல் வானிலையை மலேசிய வானிலைத் துறையும் வெளியிடுகின்றன. இரண்டையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் விஷயம். காய்கறியும் இறைச்சியும் குவாவில் வாங்கலாம், ஆனால் வரியில்லாத் தீவு என்பதால் அவை மலிவு என்று நினைக்க வேண்டாம், பெரும்பகுதி தீபகற்பத்தில் இருந்துதான் கப்பல் ஏறி வருகிறது. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், நெத்திலி, கருவாடு எல்லாம் ஊர்ப் பலசரக்குக் கடையிலேயே கட்டிக்கொண்டு கோல கெடா ஃபெர்ரியில் ஏறிவிடுங்கள். எட்டுப் பேருக்கு இரண்டு வேளைச் சோறு என்றால் 10 கிலோ அரிசி மூட்டை ஒன்று போதும். தேங்காய்ப் பால் பிழிந்து கொண்டுபோனால் மறுநாளே புளிக்கும், பெட்டியில் வரும் சந்தான் வாங்குங்கள். பிரஷர் குக்கர் அவசியம், கேஸும் தண்ணீரும் மிச்சமாகும். குடிநீர் ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர், மொத்தம் 168. அதாவது 1.5 லிட்டர் போத்தல் பன்னிரண்டு உள்ள பெட்டி பத்து. குளிக்க, கழுவ ஆளுக்கு 20 லிட்டர் என்றால் வாரத்துக்கு 1,120 லிட்டர், எங்கள் படகின் தொட்டியோ 600 தான். பாத்திரத்தைக் கடல் நீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசினாலும் நான்காம் நாள் தெலாகா துறைமுகத்தில் நிரப்பியே ஆக வேண்டும். வினிகர் இரண்டு போத்தல் தனியாக எடுங்கள். இந்தக் கடலில் பெட்டி ஜெல்லிமீன் உண்டு. கொட்டினால் தேய்க்காமல் வினிகரை ஊற்றி, உடனே உதவிக்கு அழைக்க வேண்டும்: ரேடியோவில் 16ஆம் சேனல், போனில் 999.

பாதை இப்படிப் போட்டால் அலைச்சல் இல்லை. முதல் இரண்டு இரவு டாயாங் பூந்திங் தீவின் ஒதுக்குப்புறங்களில். அங்குள்ள ஏரி நன்னீர், சுற்றுலாப் படகுகள் வருமுன் காலையிலேயே போங்கள், கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்கு பறித்துவிடும். மூன்றாம் நாள் விடியலில் பாயார் தீவு, 17 கடல் மைல் அளவில், மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் மூன்றரை மணி நேரம். வடகிழக்குக் காற்று போகும்போதும் வரும்போதும் பக்கவாட்டில் கிடைக்கும், பாய்க்கு இதைவிடச் சுகம் இல்லை. அது கடல் பூங்கா, பவளத்தில் நங்கூரம் போடக் கூடாது, மிதவையில்தான் கட்ட வேண்டும். தீவைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கவும் கூடாது. அன்றே திரும்பி பெராஸ் பாசா பக்கம் ஒதுங்கலாம். பிறகு தெலாகா, தஞ்சோங் ரூ, கடைசி இரவு கிலிம் சதுப்புநிலக் கழிமுகம்.

லீப்பே தீவுக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தாய்லாந்து எல்லை தாண்ட ஒவ்வொருவருக்கும் ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும், குடிநுழைவு, சுங்கம், துறைமுக அலுவலகம் என்று இரு பக்கமும் முத்திரை வாங்க வேண்டும், படகின் இன்சூரன்ஸும் அங்கே செல்லுபடியாக வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள், முத்திரைக்கு அரை அரை நாள். ஏழு இரவில் அது பாதி விடுமுறையைத் தின்றுவிடும். பத்து இரவு எடுப்பவர்கள் யோசிக்கலாம்.

திருப்பிக் கொடுப்பது மதியம் 12 மணிக்கு. டீசலைக் காலையிலேயே நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே படகின் ஒவ்வொரு கீறலையும் தேதி தெரியும்படி படம் எடுத்திருந்தால் டெபாசிட்டில் பிடிக்க முடியாது. பின்படியில் இருந்த பழைய வெடிப்புக்கு எங்களிடம் காசு கேட்டார்கள், படத்தைக் காட்டியதும் முழுப் பணமும் வந்தது.