ஈஸ்டருக்குக் கைமணி வாங்கலாமா? எங்கள் சபை அனுபவம்

பெங்களூரு ஃப்ரேசர் டவுன் பக்கம் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையில் பல வருடங்களாக ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் ஹேண்ட்பெல், அதாவது பலர் சேர்ந்து கையில் பிடித்து ஆட்டிப் பாட்டு வாசிக்கும் மணிகள், வாசிக்கிறோம். வாங்கலாமா என்று மற்ற சபைக்காரர்கள் கேட்பதுண்டு. ஆள் சேருமென்றால் தாராளமாக வாங்குங்கள், சேராதென்றால் வேண்டாம். மணியின் தரமெல்லாம் அப்புறம்தான்.

இதில் சுரத்துக்கு ஒரு மணி. எங்களுடையது இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) செட், 25 மணிகள். கைக்கு ஒன்றாக ஆளுக்கு இரண்டு மணி பிடிப்போம். ஷார்ப், ஃப்ளாட் மணிகள் (பியானோவின் கறுப்புக் கட்டைச் சுரங்கள்) மேசையில் கிடக்கும், வேண்டும்போது சட்டென்று மாற்றி எடுக்க வேண்டும். பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்ற கீழ்க்குரல் பாடும் ஒருவர் வராவிட்டால் பக்கத்தில் நிற்பவர் சமாளித்துவிடுவார். இங்கே ஒருவர் வராவிட்டால் பாட்டில் அவருடைய சுரங்களே இருக்காது. அதனால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்கியதும் நாங்கள் முதலில் பேசுவது, யாருக்கு நைட் ஷிஃப்ட், யார் பண்டிகைக்கு நாசரேத்துக்கோ பாளையங்கோட்டைக்கோ கிளம்புகிறார் என்பதைத்தான். மாற்று ஆட்கள் இரண்டு பேரையாவது முதல் பயிற்சியிலிருந்தே கூட நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒலிக்கச் செய்வது சுலபம், நிறுத்துவதுதான் வித்தை. மணியின் நாக்கு ஒரே தடத்தில் முன்னும் பின்னும் மட்டுமே போகும், ஸ்பிரிங் அதைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் அசைவுக்கு ஓர் அடிதான் விழும். ஆனால் எழுந்த நாதம் சீக்கிரத்தில் அடங்காது. விளிம்பைத் தோளில் சாய்த்து அணைக்க வேண்டும், அதுவும் அடுத்த சுரம் எழும் அதே நொடியில். முந்தினால் பாட்டு துண்டு துண்டாகும், பிந்தினால் எல்லாம் கலந்து இரைச்சலாகும். வரிக்கு வரி அல்லேலூயா வருகிற பழைய ஈஸ்டர் ராகம் ஒன்று உண்டு, 1708-இல் லண்டனில் அச்சானது. அந்த அல்லேலூயா ஒரே அசையில் பல சுரங்களில் ஏறி இறங்கும். அதை நாலைந்து பேர் கைமாற்றிக்கொண்டு, ஒரே ஆள் பாடுவதுபோல் கேட்க வைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இன்று சபையார் காத்திருந்து கேட்பது அந்த இடத்தைத்தான்.

கீர்த்தனைகளுக்கு இது சரிப்படாது. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் மணியில் வராது; அது இல்லாமல் கீர்த்தனையை வாசித்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. அதை ஆர்மோனியத்துக்கும் தபேலாவுக்கும் விட்டுவிட்டோம், மேற்கத்திய ராகத்தில் பாடும் பாமாலைப் பாட்டுகளுக்கு மட்டும் மணி.

பராமரிப்பில் பெரிய எதிரி வியர்வை. மணி வெண்கலம்: ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு செம்பு, மீதி வெள்ளீயம். வெறும் விரல் பட்ட இடம் கறுத்துவிடும். ஏப்ரல் மாதப் பயிற்சியில் பருத்திக் கையுறைகூட நனைந்துவிடுகிறது, மாற்று ஜோடி வேண்டும். பெட்டியில் வைக்குமுன் ஒவ்வொன்றையும் துடைத்தே ஆக வேண்டும். மேசைக்கு நாலு அங்குல ஃபோம் போடுங்கள்; சிவாஜிநகர் மெத்தைக் கடையில் அளவு சொன்னால் வெட்டித் தருகிறார்கள். நாக்கின் முனையைத் திருப்பி வைத்துக் கடினமாகவோ மென்மையாகவோ ஒலிக்க வைக்கலாம். எங்கள் ஆலயம் உயரக் கூரையும் வெறும் சுவருமாக இருப்பதால் மென்மையான பக்கம்தான் ஒத்துவருகிறது.

இன்னொரு யோசனை. மணி இருக்கிறதே என்று லெந்து ஆராதனைகளிலேயே எடுத்துவிடாதீர்கள். நாங்கள் பயிற்சியைச் சபை மண்டபத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பெரிய வெள்ளி மூன்று மணி நேர ஆராதனையின் கனம் அப்படியே நெஞ்சில் இருக்க, ஈஸ்டர் காலையில் ஆயர் “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்று சொன்னதும் 25 மணியும் ஒன்றாக எழும்போது கிழவர்கள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சிறிய சபை என்றால் முதலில் சைம்ஸ், அதாவது மணிபோலவே கையில் பிடித்து வாசிக்கும் அலுமினியக் குழாய்கள், வாங்கிப் பாருங்கள். மணியின் கூர்மை இருக்காது, சத்தமும் குறைவு. ஆனால் விலை குறைவு, வியர்வைக்குப் பயமில்லை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கையிலும் தைரியமாகக் கொடுக்கலாம். அடிப்பதும் அணைப்பதும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே முறைதான். ஒரு ஈஸ்டரை அதில் ஒப்பேற்றிவிட்டு, அதே ஆட்கள் அடுத்த லெந்துக்கும் வருகிறார்களா என்று பார்த்தபின் மணிக்குப் பணம் சேருங்கள்.