லயன் ஸ்டவுட்டா, கின்னஸ் டிராஃப்டா?

கரமல் சுவைக்காகக் கறுப்பு பியர் தேடுபவர் கொழும்பில் லயன் ஸ்டவுட் போத்தலை எடுத்தால் போதும். பியகமையில் தயாராவது, மதுசாரம் 8.8 சதவீதம். ஊற்றியதும் பழுப்பு நுரை தடிப்பாக எழும்பும். முதல் மிடறில் கரமல், சற்றுக் கருகிய கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு) போல. அப்புறம் கறுப்புச் சொக்லேட், உலர்ந்த முந்திரிகைப் பழம், கடைசியில் தொண்டையில் ஒரு சூடு. ஐஸ் குளிரில் குடித்தால் இதில் பாதி தெரியாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள். மிச்சத்தைக் கொழும்பு வெக்கை பார்த்துக்கொள்ளும்.

கின்னஸ் டிராஃப்ட் வேறு ரகம். சுமார் 4.2 சதவீதம்தான். ரின்னுக்குள் கிடக்கும் சிறு பந்து நைதரசனை விடுவதால் நுரை மிருதுவாக, நெடுநேரம் நிற்கும். வறுத்த பார்லி தருவது கோப்பிக் கசப்பு. கரமலைத் தேடினால் ஏமாற்றம்தான். இறக்குமதி என்பதால் விலையும் கூட.

டெவில் இறாலோடு என்றால்? காரத்துக்கு லயனின் இனிப்பு நன்றாக ஈடுகொடுக்கும். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம், அந்த இனிப்பு மதுவின் வேகத்தை மறைத்துவிடும். நெடுநேரம் கதைத்துக்கொண்டு குடிக்கக் கின்னஸ் சரி. ஆனாலும் என் ஓட்டு லயனுக்கு.