கருங்கல் மாவு வேறு, பசால்ட் மாவு வேறு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் பக்கத்துச் செம்பனைச் சிறுதோட்டங்களுக்கு 50 கிலோ பையிலும் டன் பையிலும் விற்கும் பசால்ட் (எரிமலைக் குழம்பு இறுகிய கல்) மாவைப் பற்றியது இது. ‘மண்ணின் புளிப்பை எடுக்கும், கரியமில வாயுவைக் கல்லுக்குள் நிரந்தரமாகப் பூட்டும்’ என்று சொல்லி விற்கிறார்கள். முதல் பேச்சு சரி. இரண்டாவது அப்படியே சரியல்ல.

முதலில் கல்லைச் சரிபாருங்கள். நம் பேச்சில் கருங்கல் என்றால் கிரானைட். அதன் மாவில் கால்சியமும் மெக்னீசியமும் குறைவு, இந்த வேலைக்கு ஆகாது. ஒரு கைப்பிடியை வெள்ளைத்தாளில் கொட்டினால் பசால்ட் ஒரே சீரான கருஞ்சாம்பல் நிறம். கிரானைட் வெளிறி, கண்ணாடிச் சில்லு போன்ற மணிகள் மின்னும். காந்தத்தை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மாவில் உருட்டுங்கள். பசால்ட்டிலுள்ள மேக்னடைட் என்னும் இரும்புத்தாது கறுப்பு மீசையாக ஒட்டிக்கொண்டு வரும். வினிகர் விட்டு நன்றாக நுரைத்தால் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது.

அடுத்தது நயம். விரலில் தேய்த்தால் மாவாக இருக்க வேண்டும், மணலாக இருக்கக் கூடாது. பெரும்பகுதி 100 மெஷ் சல்லடையில், அதாவது 0.15 மில்லிமீட்டர் கண்ணில் இறங்க வேண்டும். குவாரியில் மலிவாகக் கிடைக்கும் 5 மில்லிமீட்டர் தூசியை வாங்கிப் போட்டால் பல ஆண்டுகளுக்குக் கல்லாகவே கிடக்கும்.

அளவு ஹெக்டருக்கு 20 டன். 136 மரம் என்றால் மரத்துக்கு ஏறக்குறைய 147 கிலோ. வெட்டிய ஓலை அடுக்கும் வரிசையில் தூவுவதே நல்லது. ஓலை மக்கும் இடத்து மண்ணில் கரியமில வாயு அதிகம், கல் அங்கே சீக்கிரம் கரையும். யூரியா போடும் சமயத்தில் தூவாதீர்கள், புளிப்பு குறைந்த இடத்தில் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். இதைப் போட்டாலும் பொட்டாஷ் உரத்தை நிறுத்த முடியாது. பை நனைந்தால் மாவு கட்டிதட்டி, தூவும் இயந்திரத்தின் வாயை அடைத்துவிடும். தூவுகிறவர்களுக்கு என்95 முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

இப்போது கார்பன் பேச்சு. ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில் 2012-ல் வாயுவைத் தண்ணீரில் கரைத்து நிலத்தடிப் பசால்ட்டுக்குள் செலுத்தினார்கள். 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டே ஆண்டுக்குள் கல்லாகிவிட்டதாக 2016-ல் ஆய்வு வெளியானது. ஒரு டன் வாயுவுக்கு ஏறத்தாழ 25 டன் தண்ணீர் தேவைப்பட்டது. விற்பவர்கள் காட்டுவது இந்தக் கதையைத்தான். தோட்டத்தில் நடப்பது வேறு. மழைநீரில் கரைந்த வாயு கல்லோடு சேர்ந்து, தண்ணீரில் கரைந்தே இருக்கும் பைகார்பனேட்டாகி, ஆற்றோடு கடலுக்குப் போகிறது. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும், அது பெரிய நன்மைதான். ஆனால் கல்லுக்குள் பூட்டுவது அல்ல.

ஒரு டன் பசால்ட் முழுக்கக் கரைந்தாலும் பிடிப்பது சுமார் 0.3 டன் வாயு, 20 டன்னுக்கு 6 டன், அதுவும் பல ஆண்டுகளில். அரைக்கும் மின்சாரத்தையும், லிட்டருக்கு 2.7 கிலோ வாயு விடும் லோரி டீசலையும் இதில் கழிக்க வேண்டும். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: அம்மோனியம் உரம் மண்ணில் நைட்ரிக் அமிலமாக மாறி கல்லைக் கரைத்தால், புளிப்பு குறையும், வாயு ஒரு கிராம்கூடப் பிடிபடாது. நம் தோட்டத்துப் புளித்த மண்ணில் இது சின்ன விஷயமில்லை.

புளிப்பு எடுக்க, கிட்டத்திலுள்ள குவாரியிலிருந்து வாங்குவதானால் என் மதிப்பெண் 5-க்கு 4. இவ்வளவு வாயு பிடிபட்டது என்று தரும் கார்பன் சான்றிதழுக்காக விலை கூட்டிக் கேட்டால் 2-தான். நிக்கல், குரோமியம் அளவும் சல்லடைக் கணக்கும் உள்ள ஆய்வகத் தாளைக் கேளுங்கள். சான்றிதழ் தருகிறவரிடம் வடிகால் தண்ணீரில் பைகார்பனேட் அளந்த தாளும் இருக்க வேண்டும்.